பழைய ஜன்னல்களைக் காப்பாற்றிய சிறிய இயந்திரம்: டிரிம்மர், ரூட்டர் பயன்பாட்டு அனுபவம்

மகிடா 3709 என்ற, மரத்தின் விளிம்பையும் பள்ளத்தையும் வெட்டும் டிரிம்மரை ஊரடங்குக் காலத்துக்குச் சற்று முன் வாங்கினேன். தென்காசிப் பக்கம் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டின் ஜன்னல்களும் கதவுகளும்தான் அதை வாங்கவைத்தன. அத்தனையும் பர்மா தேக்கு. மேற்பகுதி இன்றும் கல்லாக இருக்கிறது. மழைநீர் வடிந்து தேங்கும் கீழ்ச்சட்டங்கள் மட்டும் மக்கிப் போயிருந்தன. வந்து பார்த்தவர்கள் எல்லோரும், "கழற்றிப் போட்டுவிட்டு யுபிவிசி மாட்டிவிடுங்கள்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. உருட்டு மர ஏற்றுமதியை மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. அந்தத் தரத்தில் வைரம் பாய்ந்த தேக்கு இனிக் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு சட்டம் மக்கியதற்காக முழு ஜன்னலையும் விறகாக்குவது அநியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

கீழ்ச்சட்டத்தை மட்டும் புதிதாகச் செய்து பொருத்துவது சொல்வதற்கு எளிது. புதுச் சட்டத்தில் பலகை இறங்கும் நீளப் பள்ளமான காடி பழைய காடியோடு நேர்க்கோட்டில் வர வேண்டும். விளிம்பில் ஓடும் அலங்கார வரி பக்கத்துச் சட்டத்தின் வரியோடு மூலையில் பிசிறில்லாமல் சேர வேண்டும். காடி இழைப்புளி வைத்து இதையெல்லாம் கையாலேயே செய்யும் தச்சர்கள் அருகிவிட்டார்கள். இருப்பவர்களுக்கும் ஒரு ஜன்னலுக்காக வந்து நிற்க நேரமில்லை. அந்த இடத்தைத்தான் இந்த இயந்திரம் நிரப்பியது.

இதைப் பிடித்துப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் நிமிர்ந்து நிற்கும். அதன் அச்சின் நுனியில் காலெட் என்ற பிடிப்பான். அதில் நாம் விரும்பும் வடிவத்தில் பிட் என்ற வெட்டும் முனை. நேர் பிட் போட்டால் காடி, விளிம்பை உருட்டும் பிட் போட்டால் உருண்டை விளிம்பு, பேரிங் வைத்த பிட் போட்டால் மேலே ஒட்டிய மைக்காத் தகட்டின் ஓரத்தைப் பலகையோடு சமமாகச் சீவும். 3709 என்பது 530 வாட், நிமிடத்துக்கு 30,000 சுற்று, 6 மி.மீ. காலெட், ஒன்றரைக் கிலோ எடை. ஒரு கையில் அடங்கும். மைக்கா ஓரம் சீவுவதற்கென்றே பெரும்பாலான பட்டறைகளில் இதை வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலும் இதனால் முடியும் என்பதுதான் என் அனுபவம்.

முடியும் என்றாலும் அவசரப்படுத்தினால் முடியாது. காடி போடும்போது ஒரு தடவைக்கு 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் இறக்கக் கூடாது. 12 மி.மீ. ஆழக் காடிக்கு நான்கு தடவை போக வேண்டும். எங்கள் தெருவில் இருக்கும் மூத்த தச்சர் ஒருவர் முதல் ஜன்னல் வேலையின்போது பக்கத்தில் நின்று பார்த்தார். மோட்டாரின் சத்தம் கம்மியதுமே, "தம்பி, அது திணறுகிறது, கேட்கிறதா? கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு" என்றார். "நேரம் ஆகுமே அண்ணாச்சி" என்றேன். "காடி கோணினால் சட்டமே போய்விடுமே, அதற்கு ஆகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடு" என்றார். அன்றிலிருந்து காதால் கேட்டுத்தான் இந்த இயந்திரத்தை ஓட்டுகிறேன். சீரான ரீங்காரம் இருந்தால் வேகம் சரி. குரல் இறங்கினால் அதிகம் தள்ளுகிறோம். கீச்சென்று உயர்ந்து மரம் கருகும் வாசனை வந்தால் தேங்கி நிற்கிறோம், அல்லது பிட் மழுங்கிவிட்டது.

தள்ளும் திசையைப் பற்றித் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் திசையில் சுற்றும். அதன் சுழற்சியை எதிர்த்துத்தான் தள்ள வேண்டும். பலகையின் வெளி விளிம்பில், உங்கள் பக்கம் இருக்கும் ஓரத்தில், இடமிருந்து வலமாகப் போக வேண்டும். பலகையைச் சுற்றி வந்தால் அது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை. சட்டத்தின் உள் விளிம்பில் இது அப்படியே மாறிவிடும். தவறான திசையில் தள்ளினால் பிட் மரத்தைக் கடித்து வெட்டாமல் அதன்மேல் உருண்டு ஓடப் பார்க்கும். கை பின்னாலேயே இழுபடும். பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு யாரும் இதை விளக்கிச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். இயந்திரத்தைக் கையில் கொடுக்கும் முன் சாக்குக்கட்டியால் பலகையில் ஓர் அம்புக்குறி போட்டுக் காட்டினால் போதும்.

நான்கு விளிம்பும் உருட்ட வேண்டிய பலகை என்றால், குறுக்கு ரேகை வரும் இரண்டு முனைகளை முதலில் முடித்துவிடுங்கள். அங்கே கடைசி மூலையில் சிம்பு பெயரும். பிறகு நீளவாக்கில் வரும்போது அந்தச் சிம்பு தானாகவே சீவிப் போய்விடும். ஊஞ்சல் பலகை, மணை, அரிவாள்மணைக் கட்டை என்று வீட்டில் எதைச் செய்தாலும் இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை.

இனி அலங்கார வரி. இதில்தான் அதிக நாள் உட்கார்ந்தேன், அதிக மகிழ்ச்சியும் இதில்தான் கிடைத்தது. எங்கள் ஜன்னல் சட்டங்களில் ஓடும் வரி ஒரு சிறு படி, அதை ஒட்டி ஒரு வளைவு, பிறகு மெல்லிய கோடு. அந்தக் காலத்துத் தச்சர் தன் இழைப்புளியின் இரும்பைத் தானே தேய்த்து உருவாக்கிய வடிவம் அது. கடையில் விற்கும் எந்தப் பிட்டும் அதற்குப் பொருந்தாது. மக்கிய சட்டத்தின் நல்ல பகுதியைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டு முகத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டேன். அந்தப் படத்தின் மேல் பிட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்ததில், 6 மி.மீ. நேர் பிட்டும் சிறிய உருட்டு பிட்டும் சேர்ந்தால் முக்கால்வாசி வடிவம் வந்துவிடும் என்று தெரிந்தது. படியை நேர் பிட்டில் எடுத்தேன். வளைவை உருட்டு பிட்டில் இரண்டு ஆழத்தில் எடுத்தேன். மீதி இருந்த மெல்லிய கோட்டை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, மடித்த உப்புத்தாளால் நீவி முடித்தேன். பழைய சட்டத்தோடு மூலையில் சேர்த்து வைத்து விரல் ஓட்டினால் இணைப்பு தட்டுப்படவில்லை. வார்னிஷ் அடித்த பிறகு எது புதுச் சட்டம் என்று சொந்தக்காரர்களால் சொல்ல முடியவில்லை.

பலகைக்கான காடியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எங்கள் ஊரில் குற்றாலச் சாரல் மாதங்களில் காற்றே ஈரமாக இருக்கும். பலகை அகலவாக்கில் ஊதும். அதனால் 12 மி.மீ. ஆழக் காடியில் பலகையை 9 மி.மீ. மட்டும் இறக்கி, மீதி 3 மி.மீ.ஐ அது ஊதுவதற்கு விட்டுவைக்கிறேன். காடிக்குள் பசை போடுவதே இல்லை. பசை போட்டு இறுக்கிய பலகைகள் கோடையில் நடுவில் பிளப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

கீல் பள்ளத்துக்கு டிரிம்மரை மிஞ்ச ஒன்றுமில்லை. 4 அங்குலக் கீலின் இதழையே பிட்டின் பக்கத்தில் வைத்து, இதழின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு பிட்டை வெளியே விட்டால் அளவுகோலே தேவையில்லை. ஒட்டுப்பலகையில் கீல் அளவுக்கு ஒரு சாளரம் வெட்டி வைத்துக்கொண்டால் எத்தனை கதவு வந்தாலும் ஒரே அளவு. மூலைகள் மட்டும் பிட்டின் ஆரத்துக்கு உருண்டையாக நிற்கும். அவற்றை உளியால் சதுரமாக்க வேண்டும். உளியை மூட்டை கட்டி வைக்க முடியாது என்பதும் எனக்குப் பிடித்த விஷயம்தான்.

அடுத்து பிட்டுகள். இயந்திரத்தின் விலையைப் பத்து கடையில் விசாரிப்பவர்கள் பிட்டை மட்டும் பெட்டியோடு மலிவாக வாங்கிவிடுகிறார்கள். அப்படி ஒரு பெட்டி என்னிடமும் வந்தது. அதில் ஒரு பிட்டின் கார்பைடு என்ற கடின உலோக முனை ஓடும்போதே பற்றவைப்பு விட்டுத் தெறித்தது. கண்ணாடி அணிந்திருந்ததால் தப்பித்தேன். பெட்டியை அன்றே குப்பையில் போட்டேன். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருக்கிறது. சாதாரண எஃகு முனை அதில் சீக்கிரம் மழுங்கிவிடும். ஒட்டுப்பலகையின் பசையும் முனையைத் தின்னும். நல்ல கார்பைடு முனை வைத்த நான்கைந்து பிட்டுகளே ஒரு வீட்டுக்குப் போதும். வேம்பும் வேங்கையும் ரேகை பின்னிக் கிடக்கும் மரங்கள். அவற்றில் மழுங்கிய பிட்டை ஓட்டினால் பிய்த்துத்தான் எடுக்கும், வெட்டாது.

பேரிங் வைத்த பிட்டை ஒவ்வொரு முறையும் மாட்டும் முன் விரலால் சுற்றிப் பார்க்கிறேன். மைக்கா ஒட்டும் பசை அதில் ஏறி இறுகினால், பேரிங் உருளாமல் பிட்டோடு சேர்ந்து சுற்றி மைக்காவின் முகத்தில் கருப்புத் தடம் போட்டுவிடும். அந்தத் தடம் எதற்கும் போகாது. பிட்டைத் தின்னரில் துடைக்கலாம். பேரிங்கைத் தின்னரில் ஊறப்போடாதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து ஓடிவிடும்.

காலெட்டுக்கும் மரியாதை தேவை. பிட்டைக் கடைசிவரை இறக்கி, ஓரிரு மி.மீ. மேலே இழுத்துவிட்டு முடுக்க வேண்டும். பிட் இல்லாமல் வெறும் காலெட்டை முடுக்கினால் அது நசுங்கி உருக்குலையும். அதன் பிளவுகளில் மரத்தூள் அடைத்தால் பிடி தளர்ந்து, வேலையின் நடுவில் பிட் தானாகக் கீழே இறங்கும். காடி போகப் போக ஆழமாகிக்கொண்டே போகும். பழைய பல் துலக்கும் பிரஷால் அவ்வப்போது தட்டிவிடுகிறேன். இத்தனை ஆண்டுகளில் இந்த டிரிம்மருக்கு நான் மாற்றியது மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்கள் மட்டுமே. காற்றுத் துளை வழியாகத் தெரியும் தீப்பொறி வழக்கத்தைவிடப் பெரிதானால் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். மாற்றுவது சில நிமிட வேலை.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். வேகத்தைக் குறைக்க வழியில்லை. எப்போதும் 30,000 சுற்றுதான். 12 மி.மீ. விட்டமுள்ள பிட்டின் விளிம்பு அந்தச் சுழற்சியில் நொடிக்கு ஏறத்தாழ 19 மீட்டர் ஓடும். அது நல்ல வேகம். கதவுப் பலகையின் ஓரத்தைச் சரிவாக்கும் 50 மி.மீ. பிட்டின் விளிம்போ நொடிக்கு 78 மீட்டரைத் தாண்டிவிடும். அதை டிரிம்மரில் நினைத்தே பார்க்கக் கூடாது. அந்த வேலைக்காக 12 மி.மீ. காலெட்டும் வேகக் கட்டுப்பாடும் கொண்ட, டிரிம்மரைப் போலவே வேலை செய்தாலும் பிட்டை மேலிருந்து அமுக்கி இறக்கும் பெரிய ப்ளஞ்ச் ரூட்டர் ஒன்றையும் பிறகு வாங்கினேன். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. நிலைச்சட்டத்தில் படி எடுக்கவும், பூட்டு இறங்கும் ஆழக் குழியான பொளி போடவும் அது கைகொடுத்தது. ஆனால் காலெட் நட்டு கெட்டபோது மாற்று நட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தேன். போன் செய்த ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம் என்றார்கள். பாதியில் நின்ற கதவு சுவரில் சாய்ந்தே கிடந்தது. எந்த நிறுவனத்தின் இயந்திரமானாலும், காலெட்டும் நட்டும் பிரஷும் உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று கேட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.

பெரிய ரூட்டரை இப்போது 18 மி.மீ. ஒட்டுப்பலகை மேசைக்கு அடியில் தலைகீழாக மாட்டிவிட்டேன். பிட் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மரத்தைத்தான் தள்ள வேண்டும். இங்கே தள்ளும் திசை வலமிருந்து இடம். பீடிங் என்ற மெல்லிய அலங்காரச் சட்டங்களை ஒவ்வொன்றாக ஓட்டினால் விரல் பிட்டுக்கு நெருக்கமாகப் போகும். அதனால் அகலப் பலகையின் விளிம்பில் வடிவத்தை எடுத்து, பிறகு பீடிங்கை அறுத்து எடுக்கிறேன். புதிய விளிம்பில் மறுபடியும் வடிவம், மறுபடியும் அறுப்பு.

தூசியும் சத்தமும் இரண்டு இயந்திரங்களிலும் கடுமை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் மரத்தூளை 1995-இலேயே சேர்த்துவிட்டது. தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. வடிகட்டும் முகக்கவசம், கண்ணாடி, காதடைப்பான் மூன்றும் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். பட்டறை வைத்திருப்பவர்கள் வேலையாள்களுக்கும் இவற்றை வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒரு நல்ல பிட்டின் விலைகூட ஆகாது.

புதிதாகத் தொடங்குபவர் என்னிடம் கேட்டால், முதலில் 6 மி.மீ. டிரிம்மரை மட்டும் வாங்கச் சொல்வேன். கூடவே 6 மி.மீ. நேர் பிட், 12 மி.மீ. நேர் பிட், பேரிங் வைத்த சமன் பிட், 6 மி.மீ. ஆரமுள்ள உருட்டு பிட். எல்லாம் கார்பைடு முனையில், ஒவ்வொன்றாகத் தனித்தனியே தேர்ந்து. பெரிய ரூட்டர், முதல் கதவுக்கு மரம் வந்து இறங்கிய பிறகு வாங்கினால் போதும்.