பூட்டிக் லா ஃபர்மை நம்பிக் கம்பெனிப் பங்கை விற்பவர்கள் கவனத்துக்கு

கோவையில் எங்கள் குடும்பம் நடத்திவந்த பம்ப் உதிரிபாகக் கம்பெனியில் 60 சதவீதப் பங்கை வெளியார் ஒருவருக்கு விற்றோம். மீதி 40 எங்களிடம். எங்கள் பக்கம் வேலை பார்த்தது ஒரு சின்ன கார்ப்பரேட் வக்கீல் அலுவலகம். பூட்டிக் லா ஃபர்ம் என்பார்களே, அந்த வகை. பெயர் வேண்டாம். அவர்கள் விட்ட ஓட்டையால் இன்று எங்கள் நேரடிப் போட்டியாளர் அந்த 60 சதவீதத்தை வைத்திருக்கிறார். இன்னொரு குடும்பத்துக்கு இது நடக்கக் கூடாது.

பெரிய ஃபர்ம்கள் கேட்ட கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பூட்டிக் ஃபர்மில் பார்ட்னரே உட்கார்ந்து பார்ப்பார் என்றார்கள். பல இடங்களில் அது உண்மைதான், நல்ல சின்ன ஃபர்ம்கள் இருக்கின்றன. எங்களுக்கு வாய்த்த இடத்தில் பார்ட்னர் முதல் மீட்டிங்கில் பேசியதோடு சரி. அப்புறம் எல்லாம் ஜூனியர்கள். முதல் டிராஃப்டில் சம்பந்தமே இல்லாத ஒரு மருந்துக் கம்பெனியின் பெயர் கிடந்தது. வேறு யாருக்கோ எழுதியதை எடுத்து நிரப்பியிருந்தார்கள்.

எங்களுக்கு உயிரான நிபந்தனை ஒன்று: வாங்கியவர் தன் பங்கை விற்க நினைத்தால் முதலில் எங்களிடம் கேட்க வேண்டும். பங்குதாரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தமான ஷேர்ஹோல்டர்ஸ் அக்ரிமென்டில் அது தெளிவாகவே இருந்தது. கம்பெனியின் ஆர்டிகிள்ஸில், அதாவது கம்பெனியை நடத்தும் விதிகள் அடங்கிய ஆவணத்தில், மட்டும் ஏற்றவில்லை. பங்கு மாற்றத்துக்கான கட்டுப்பாடு ஆர்டிகிள்ஸில் இல்லாவிட்டால் அது கம்பெனியையும் கட்டுப்படுத்தாது, பங்குதாரர்களையும் கட்டுப்படுத்தாது என்று வி.பி.ரங்கராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முப்பது வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டது. அதுவும் ஒரு குடும்பக் கம்பெனி வழக்குதான். கார்ப்பரேட் வேலைதான் எங்கள் தொழில் என்று சொல்லிக்கொள்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

ஆர்டிகிள்ஸைத் திருத்த ஸ்பெஷல் ரெசல்யூஷன் வேண்டும், அதாவது நான்கில் மூன்று பங்கு ஓட்டு. பங்கு கைமாறும் முன் எல்லா ஓட்டும் எங்களிடம்தான் இருந்தது, ஒரே கூட்டத்தில் முடித்திருக்கலாம். அதன்பிறகு எங்கள் 40 சதவீதத்தை மீறி அந்த விதியை யாராலும் நீக்கியிருக்க முடியாது. பங்கு கைமாறி கிளோசிங் முடிந்ததும் நிலைமை தலைகீழ். வாங்கியவர் சம்மதிக்காமல் ஒரு வரி சேர்க்க முடியாது. போர்டும் அவர் கையில் இருந்ததால், அவர் எங்கள் போட்டியாளருக்குப் பங்கை விற்றபோது மறுபேச்சில்லாமல் பதிவு செய்துவிட்டார்கள்.

ஃபர்மைக் கேட்டோம். "சார், அது கம்பெனி செக்ரட்டரி பார்க்கிற செக்ரட்டேரியல் வேலை, எங்க ஸ்கோப்ல வராது" என்றார் ஜூனியர். பார்ட்னர், வேலையை ஒப்படைக்கும்போது ஃபர்மும் நாங்களும் கையெழுத்திட்ட எங்கேஜ்மென்ட் லெட்டரைக் காட்டினார்: என்ன நஷ்டம் வந்தாலும் அவர்கள் பொறுப்பு வாங்கிய ஃபீஸுக்கு மேல் போகாதாம். எங்களுக்காகப் பேச வந்தவர்கள் முதலில் தங்களுக்குத்தான் பாதுகாப்பு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்றார் அண்ணன். அந்தக் கதவு மூடியாகிவிட்டது. வக்கீல்களின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மிச்சம் இருப்பது சிவில் வழக்கு, அல்லது 1961 அட்வகேட்ஸ் சட்டத்தின் 35-வது பிரிவில் மாநில பார் கவுன்சிலுக்குப் புகார். பார் கவுன்சில் வக்கீலைத் தண்டிக்கலாம், நம் நஷ்டத்தை ஈடுகட்டாது.

பங்கு விற்கப்போகிறவர்கள் எங்கேஜ்மென்ட் லெட்டரில் ஆர்டிகிள்ஸ் திருத்தமும், அந்தத் தீர்மானத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் தெரிவிக்கும் எம்ஜிடி-14 படிவ ஃபைலிங்கும் யார் பொறுப்பு என்று பெயர் போட்டு எழுதி வாங்குங்கள். பொறுப்பு வரம்பு என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். அக்ரிமென்டில் உங்களுக்கு இருக்கும் உரிமை ஒவ்வொன்றும் திருத்திய ஆர்டிகிள்ஸில் எந்த விதியாக வருகிறது என்று கேளுங்கள். அந்தத் தீர்மானம் நிறைவேறும் முன் ஷேர் டிரான்ஸ்ஃபர் ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். எம்ஜிடி-14-ஐ 30 நாளுக்குள் ஃபைல் செய்ய வேண்டும். ஃபைல் ஆனதா என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் 100 ரூபாய் கட்டி நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.