கோலாலம்பூர் சமையலறையில் ஒரு கோயம்புத்தூர் கிரைண்டர்

டேபிள் டாப் கிரைண்டரை ஊரிலிருந்து தூக்கி வரலாமா என்று, வேலைக்குப் புதிதாக மலேசியா வருகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. தாராளமாகத் தூக்கி வரலாம், நன்றாக ஓடும். ஆனால் எல்லோரும் தூக்கி வர வேண்டியதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஓர் அடுக்குமாடியில் குடும்பத்தோடு இருக்கிறேன். மனைவிக்கு ஷிப்டு வேலை, எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அதனால் மாவாட்டுவது என் பொறுப்பு. சில வருடங்களாக வாரம் தவறாமல் ஓடும் இந்த 2 லிட்டர் கிரைண்டரின் கம்பெனிப் பெயரை எழுதப்போவதில்லை. கடையில் பக்கத்தில் இருந்த மற்ற இரண்டு மூன்று கம்பெனிப் பெட்டிகளையும் திறந்து பார்த்துத்தான் வாங்கினேன். எவர்சில்வர் டிரம், அடியில் பதித்த கருங்கல், மேலே உட்காரும் குழவிகள், கீழே 150 வாட் மோட்டார் என்று எல்லாம் ஒரே அமைப்புதான். வெளியே பிளாஸ்டிக் உடம்பின் நிறம்தான் ஆளுக்கு ஒன்று.

இந்த யந்திரத்துக்குப் பிறந்த ஊர் கோவை. 1955-இல் அங்கே சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரை உருவாக்கினார். 2005-06-இல் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, மின்விசிறியோடு கிரைண்டரையும் சேர்த்துக் கொடுத்த பிறகு, எங்கள் தெருவில் அது இல்லாத வீடே இல்லை என்றாகிவிட்டது. அம்மா அந்த அரசாங்கக் கிரைண்டரை இன்னும் வைத்திருக்கிறார். என்னுடையதைவிடச் சத்தம் குறைவு என்று அவருக்குப் பெருமை வேறு.

மின்சார விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இந்தியாவிலும் மலேசியாவிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே பழைய சாமான்களில் 240 என்று போட்டிருப்பார்கள், அந்த வித்தியாசத்தை மோட்டார் கண்டுகொள்ளாது. முக்கியமானது அந்த 50. கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார்; அதன் வேகத்தைத் தீர்மானிப்பது ஹெர்ட்ஸ்தான். அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் இதே மாதிரி ஒன்றைக் கொண்டுபோய் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டுகிறான். டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டை 230 ஆக்கித் தரும், ஆனால் அங்கத்திய 60 ஹெர்ட்ஸை 50 ஆக்கித் தராது. மோட்டார் வேகமாகச் சுற்றுகிறது, சூடாகிறது, மாவும் சூடாகிறது. நமக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. மாற்ற வேண்டியது பிளக் ஒன்றுதான்.

அந்த ஒன்றில்தான் பலரும் சோம்பல் படுகிறார்கள். இங்கே சாக்கெட் சதுர ஓட்டை, நம் பிளக் உருண்டைக் கம்பி. மேலே உள்ள எர்த் ஓட்டையில் பேனா மூடியை விட்டு அழுத்தினால் கீழே இரண்டு ஓட்டையும் திறந்துகொள்ளும், அதில் சார்ஜரைச் சொருகிவிடலாம். இந்த வித்தையை இங்கே வந்த முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். போன் சார்ஜருக்கே அது ஆபத்து. தண்ணீரும் மாவுமாக வழியும் ஒரு யந்திரத்துக்கு, அதுவும் எர்த் இல்லாமல், செய்யவே கூடாது. பயண அடாப்டரும் வேண்டாம். அதன்மேல் நம் ஊர் கனமான ஒயரைத் தொங்கவிட்டால் ஓடும்போது அதிர்ந்து அதிர்ந்து லூசாகிவிடும்.

ஹார்டுவேர் கடையில் சிரிம் (மலேசியாவின் தரச் சான்று) ஸ்டிக்கர் ஒட்டிய மூன்று பின் பிளக் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். பழைய பிளக்கை வெட்டிவிட்டு அதை மாட்ட வேண்டும். என் கிரைண்டர் ஒயருக்குள் சிவப்பு, கருப்பு, பச்சை என்று மூன்று கம்பிகள். புது பிளக்கோடு வந்த அட்டையில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் என்று போட்டிருந்தது. சிவப்பு போக வேண்டியது பழுப்பின் இடத்துக்கு, கருப்பு நீலத்தின் இடத்துக்கு, பச்சை மேலே எர்த்துக்கு. பிளக்குக்குள் ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும், நம் ஊர் பிளக்கில் இல்லாத வசதி. கடையில் வாங்கும்போது அதில் 13 ஆம்பியர் போட்டிருக்கும். 150 வாட் மோட்டாருக்கு அது ரொம்ப அதிகம், 3 அல்லது 5 போட்டால் போதும். இதெல்லாம் பழக்கமில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பத்து நிமிட வேலை.

கொண்டுவருவதில் பாடு எடைதான். கோபியிலிருந்து எங்களுக்குத் திருச்சி வழிதான் தோது, அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம். குழவிகளைத் தனியாகக் கழற்றி வேட்டியில் சுற்றி ஒரு பெட்டியில், டிரம்மும் மோட்டாரும் இன்னொரு பெட்டியில். கைப்பையில் கல்லை வைக்காதீர்கள், ஸ்கேனரில் பார்க்கிறவர்களுக்கு உருண்டையாகக் கறுப்பாகத் தெரியும், அப்புறம் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். இங்கே இறங்கியதும் சுங்கத்தில் ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டு என்ன இது என்பதுபோல் நிமிர்ந்தார். “தோசைக்கு” என்றேன். மலாய்க்காரருக்கும் அது போதுமாக இருந்தது, போகச் சொல்லிவிட்டார்.

சரி, மாவுக்கு வருவோம். மிக்சியில் அரைப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உளுந்தில்தான் தெரியும். மிக்சியின் பிளேடு வெட்டுகிறது. வெட்டும் வேகத்தில் மாவு சூடாகிறது. கல் மெதுவாக நசுக்கிக்கொண்டே காற்றையும் உள்ளே இழுக்கிறது. அரை மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் உளுந்து டிரம்மின் சுவரோரம் ஏறி, வெள்ளையாகப் பொங்கி நிற்கும். முதல் நாள் வீடியோ காலில் அம்மா மேற்பார்வை. “கண்ணு, அதுல ஒரு சொட்டு எடுத்துத் தண்ணியில போடு” என்றார். போட்டேன். கிண்ணத்துத் தண்ணீரில் அந்தச் சொட்டு பாதி முங்கிச் சாய்ந்தது. “இன்னும் ஓடோணும். தண்ணி தெளிச்சு உடு, ஊத்தாதே.” இன்னொரு பத்து நிமிடம் ஓடிய பிறகு போட்ட சொட்டு முங்காமல் மேலேயே நின்றது. அம்மா கேமராவைப் பார்க்காமல் பக்கத்து வீட்டக்காவிடம் திரும்பி, “பையன் ஆட்டிப்போட்டான்” என்றார்.

ஊர்க் கணக்கை இங்கே அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. கோபியில் மார்கழியில் ராத்திரி கரைத்த மாவு விடிந்தும் அசையாமல் கிடக்கும். கோலாலம்பூரில் மார்கழி என்று ஒன்று கிடையாது, வருடம் முழுக்க ஒரே புழுக்கம். ராத்திரி கரைத்துவைத்தால் காலையில் பாத்திரத்தை மீறி மேடையில் ஓடியிருக்கும். நான் சாயங்காலம் கரைத்து, தூங்கப் போகும்முன் எடுத்து ஃபிரிஜ்ஜில் வைத்துவிடுகிறேன். ஆட்டும்போதே ஐஸ் தண்ணீர் தெளிப்பதும் உண்டு. இட்லி அரிசி, நம் ஊர்க் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பகுதிகளில் கிடைக்கும், ஆனால் விலை நம் ஊர் அரசியலைப் பொறுத்தது. 2023 ஆகஸ்டில் இந்தியா புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 20 சதவீதம் வரி போட்டதும் இங்கே மூட்டை விலை ஏறியது. மறு வருடம் அக்டோபரில் வரியை எடுத்தார்கள். எங்கள் கடைக்காரர் விலையை இறக்கியதாக எனக்கு ஞாபகமில்லை.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் சத்தம் பெரிதில்லை. அதிர்வுதான் தரை ஓடு வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். அடியில் தடிமனான ரப்பர் விரிப்பு போட்டு, சுவரில் ஒட்டாமல் வைத்தால் போதும். ராத்திரி 10 மணிக்கு மேல் ஓட்டாதீர்கள், மேனேஜ்மென்ட் ஆபீசிலிருந்து காகிதம் வரும்.

இந்த யந்திரத்தின் பெரிய குறை யந்திரத்தில் இல்லை, அதன் வாரண்டியில் இருக்கிறது. ஒருநாள் ஸ்விட்சைப் போட்டால் ‘ம்ம்ம்’ என்று உறுமல் மட்டும், டிரம் நகரவில்லை. கையால் ஒரு சுற்றுத் தள்ளிவிட்டால் ஓட ஆரம்பித்தது. அட்டையில் இருந்தது 1800-இல் தொடங்கும் இலவச எண், அது இந்தியாவுக்கு வெளியே போகவே போகாது. கம்பெனியின் ஆப்பில் புகார் பதியலாம் என்றால், இந்திய கைபேசி எண் கேட்டது. என் இந்திய எண் இருக்கிறது, ஆனால் ஓடிபி வந்து சேரும் முன் நேரம் முடிந்துவிடுகிறது. ஒருவழியாக உள்ளே போனால் பின்கோடு ஆறு இலக்கம் வேண்டுமாம். செந்தூல் அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கம்தான். அம்மா வீட்டுப் பின்கோடைப் போட்டேன். கோபிக்கு மெக்கானிக் போய் நின்றார். “மிஷினு மலேசியாவுல இருக்குதுங்க” என்று அம்மா சொல்லி, காபி கொடுத்து அனுப்பினார்.

எனக்கு இதில் ஒரு எண்ணம் உண்டு. இரண்டு நாட்டுக்கும் நடுவே வாழ்கிறவனிடம் இருக்கும் சாமான்களில் பெரும்பாலானவை எந்நேரமும் ‘நீ எந்த ஊர்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கின்றன. ஊர் பேங்குக்கு அந்த சிம் வேண்டும், அந்த சிம் சாகாமல் இருக்க ரீசார்ஜ் வேண்டும். இங்கே பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பலாக்கொட்டை விற்கும் பாட்டியிடம்கூட, போனில் பணம் கட்டும் டூயிட்நவ் கியூஆர் அட்டை தொங்குகிறது, ஒரு நொடியில் கொடுத்துவிடலாம். அதே போனில் ஊருக்குப் போய் இறங்கியதும் டீக்கடையில் சில்லறை தேட வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் வெளிநாட்டு எண் வைத்திருக்கும் என்ஆர்ஐகளுக்கு யூபிஐயைத் திறந்தபோது, பட்டியலில் 10 நாடுகள் இருந்தன. சிங்கப்பூர் இருந்தது, மலேசியா இல்லை. பிறகுதான் சேர்த்தார்கள். கிரைண்டருக்கு இந்த விவகாரமே கிடையாது. மூன்று கம்பியில் 230 வோல்ட் வந்தால் சுற்றும். அதன் கம்பெனிதான் அதைப் பிடித்து இந்தியாவோடு கட்டிவைத்திருக்கிறது.

ரிப்பேர் விஷயம் எப்படி முடிந்தது என்றால், உறுமுகிறது, தள்ளினால் ஓடுகிறது என்றாலே கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம். ஃபேனுக்கும் அதே நோய்தான். அடியில் நாலு ஸ்குரூவைக் கழற்றினால் சதுரமாக ஒரு வெள்ளை டப்பி, மேலே 4 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஜாலான் பாசாருக்குப் போனேன். எலெக்ட்ரானிக்ஸ் உதிரிப் பாகங்களுக்கென்றே கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. இரண்டாவது கடையிலிருந்த சீனப் பெரியவர் போட்டோவைப் பார்த்துவிட்டு, பேசாமல் பின்னால் போய் எடுத்து வந்து வைத்தார். பத்து ரிங்கிட்டுக்குள் முடிந்தது. இந்தியக் கம்பெனி என்பதற்காக உதிரிப் பாகம் கிடைக்காதோ என்று பயப்பட வேண்டாம். கண்டென்சருக்கு மைக்ரோஃபாரடும் வோல்ட்டும் பொருந்தினால் போதும். பெல்ட் மட்டும் ஊருக்குப் போகும்போது ஒன்று உபரியாக வாங்கி வந்துவிடுங்கள், அந்தந்த மாடலுக்கு அளவு மாறும்.

இனி, யார் தூக்கி வர வேண்டாம் என்று. இங்கேயே நிரந்தரமாக இருக்கப் போகிறவர்கள் மஸ்ஜித் இந்தியா பக்கம் வாங்கிக்கொள்ளலாம். அதே கோவைக் கிரைண்டர்தான், சதுர பிளக்கோடு, உள்ளூர்க் கடைக்காரரின் வாரண்டியோடு வரும். ஊர் விலையைப்போல கிட்டத்தட்ட இரு மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். விமானத்தில் கூடுதல் கிலோவுக்குக் கட்டும் பணத்தைச் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் பாதியாகிவிடும். எதிர்வீட்டு அக்கா மலேசியத் தமிழர், அவருடைய பாட்டி தோட்டத்து லயத்தில் ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர். அக்கா மிக்சியோடு நிறுத்திக்கொண்டவர், அவசரத்துக்குக் கடை மாவுப் பாக்கெட். என் மாவைச் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, “அண்ணே, இந்த கிரைண்டர் எவ்ளோ வெள்ளி?” என்று கேட்டார் (வெள்ளி என்றால் இங்கே ரிங்கிட்). அவரை மஸ்ஜித் இந்தியாவுக்குத்தான் அனுப்பினேன். இரண்டு மூன்று வருட காண்ட்ராக்டில் வந்து திரும்பப் போகிறவர்கள், எடைக்கு இடம் இருந்தால் ஊரிலிருந்து கொண்டு வாருங்கள், போகும்போது இங்கே யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகலாம். கல் சீக்கிரம் தேயாது.

அளவு 2 லிட்டர் போதும், நாலு பேர் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு வரும். சாய்த்து ஊற்றும் டில்டிங் மாடல் எடையும் இடமும் அதிகம், அடுக்குமாடிச் சமையலறைக்கு வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையும் கை பரவாயில்லை. தேங்காய்த் துருவி என்று கூடுதலாக ஒன்று கொடுத்துப் பணம் கேட்பார்கள், வாங்காதீர்கள். இங்கே எந்தச் சந்தைக்குப் போனாலும் தேங்காயைக் கண்ணெதிரே மிஷினில் போட்டுத் துருவிக் கொடுக்கிறார்கள், பால் வேண்டுமென்றால் பிழிந்தும் கொடுப்பார்கள். என் துருவி இன்னும் பிரிக்காத பிளாஸ்டிக் உறையில் அப்படியே இருக்கிறது. செந்தூல் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன்.