வனவாசமா, அடிச்சுவடா, தோணியா?

சிறுகூடல்பட்டி, கோட்டையூர், சிங்கம்புணரி. காரைக்குடியில் காலையில் பஸ் ஏறினால் மூன்றையும் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். கண்ணதாசன், ஏ.கே. செட்டியார், ப. சிங்காரம் மூவருக்கும் இவைதான் சொந்த ஊர். சிங்கம்புணரியைச் செட்டிநாட்டோடு சேர்க்கலாமா என்று சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும். கடல் தாண்டி வட்டிக்கடைக்குப் போன கணக்கில் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

கண்ணதாசனின் 'வனவாசம்' தன்வரலாறு. செட்டியாரின் 'அண்ணல் அடிச்சுவட்டில்' காந்தியைப் பற்றி ஒரு படம் எடுத்த கதை. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவல். இதில் ஒன்றை மட்டும் காசு கொடுத்து வாங்குவதென்றால் நான் சொல்வது தோணி. மற்ற இரண்டையும் நூலகத்தில் எடுத்துப் படித்துக்கொள்ளலாம். மூன்றுமே படிக்கத் தகுந்தவை, அதில் பேச்சே இல்லை. எது இரண்டாம் தடவையும் தாங்குகிறது என்பதை வைத்துத்தான் இந்தத் தீர்ப்பு.

முதல் வாசிப்பு என்று மட்டும் பார்த்தால் வனவாசத்தை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. தன்னையே 'அவன்' என்று எழுதுகிறார் கவிஞர். வேறொருவரும் 'அவன்' ஆகும் பத்திகளில் யார் பேசுகிறார்கள் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் சிரமம். 1949ல் தி.மு.க. பிறந்தது, 1953ல் டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றச் சொல்லி நடந்த கல்லக்குடிப் போராட்டம், 1957ல் திருக்கோட்டியூரில் நின்று தோற்றது, 1961ல் கட்சியை விட்டு வெளியேறியது: இந்த நான்கு ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி உள்ளே செருகிக்கொண்டால் வழி தவறாது. ஆனால் புத்தகத்தின் வேகமே 'யார் யாரை என்ன செய்தார்' என்பதில் இருக்கிறது. அது ஒருமுறை தெரிந்துவிட்டால் தீர்ந்தது. அப்போது தி.மு.க.வை விட்டு வெளியேறிய தலைவர் ஈ.வெ.கி. சம்பத் யார் என்றே தெரியாத வயதுக்காரர்களுக்கு அந்தச் சூடும் பாதிதான். மறுபடி எடுத்தால் நிற்பது சென்னைக்குப் பிழைக்க வந்து பட்டினி கிடந்த பக்கங்கள். கவிஞரின் பாட்டோடு வளர்ந்தவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு அந்தக் குரலைக் கேட்டாலே போதும்.

ஏ.கே. செட்டியார் நேர் எதிர். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் காந்தியைப் பற்றிப் படம் எடுக்க நினைத்து, நாடு நாடாக அலைந்து 50,000 அடி படச்சுருள் சேர்த்து, அதை 12,000 அடியாக வெட்டி 1940ல் வெளியிட்டவர். வேறொருவர் இதில் பாதி செய்திருந்தாலும் பக்கத்துக்குப் பக்கம் 'நான்' என்று முழங்கியிருப்பார். இவர் தன்னைக் கதவுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு வேலையை மட்டும் சொல்கிறார். தகவலுக்குப் புரட்டலாம். ஆனால் மனுஷரைத் தேடிப் போனால் அகப்பட மாட்டார்.

தன்வரலாறு என்றாலே ஒரு தடவைதான் என்று சொல்ல வரவில்லை. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 122 அத்தியாயத்தில், ஆசிரியர் 1942ல் மறைந்ததால் பாதியில் நின்றது. அதை எந்தப் பக்கத்தில் திறந்தாலும் படிக்கலாம். அது தஞ்சாவூர்ப் பக்கத்துச் சரக்கு, இந்தப் போட்டியில் இல்லை.

இனி தோணி. சிங்காரம் 1938ல் சுமத்ராவில் உள்ள மெடானுக்கு வேலைக்குப் போய், போர் முடிந்து 1946ல் திரும்பியவர். ஜப்பான்காரன் வந்ததும் போனதும் கண் முன்னால் நடந்தவை. எழுதியது இரண்டே நாவல். பார்த்ததை எல்லாம் பாண்டியன் என்ற கற்பனை ஆள் தலையில் ஏற்றிவிட்டதால், கண்ணதாசன் போல வாதாடவோ செட்டியார் போல ஒளியவோ அவருக்கு அவசியம் வரவில்லை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வட்டிக்கடைக்குள் இருந்த வேலைப் படிக்கட்டு முழுவதும் பூச்சில்லாமல் அப்படியே வருகிறது. கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்ய, போனவர்களின் பெருமையை மட்டும் கேட்டு வளர்ந்த வீடுகளில் இது கொஞ்சம் உறைக்கும்.

பலர் இதைப் பாதியில் வைத்துவிடுவதற்குக் காரணம் உண்டு. முன்கதை எதுவும் சொல்லாமல் போர்க்கால மெடான் தெருவில் இறக்கிவிடுகிறார். பெயர்கள் குவிகின்றன, மலாய்ச் சொற்கள் விளக்கமின்றி வருகின்றன, நடுவிலேயே மதுரைத் தெருவும் சின்னமங்கலமும் நினைவாகக் குறுக்கிடுகின்றன. சுமத்ரா, மலாக்கா நீரிணை, பினாங்கு மூன்றும் தெரிகிற வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் வீழ்ந்தது, மார்ச்சில் மெடான், 1943ல் நேதாஜி வருகை, 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரண். இது போதும். மலாயாவில் ஜப்பான் அடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டு அன்றோடு வெறும் காகிதமானது என்பதும் தெரிந்திருந்தால், கடைக்காரர்களின் பீதி புரியும். அப்படியும் நகரவில்லையென்றால் தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் கடல் கடக்கும் பகுதிக்குத் தாவி, அதைப் படித்துவிட்டு முதலுக்கு வாருங்கள். அல்லது அவருடைய 'கடலுக்கு அப்பால்' நாவலை முதலில் முடியுங்கள். சின்னது, செல்லையா–மரகதம் காதலும் முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் கணக்கும் நேர்கோட்டில் போகும், சொற்களும் பழகிவிடும்.

முதல் தடவை இது போர்ச் சாகசமாகத்தான் தெரியும். இரண்டாம் தடவை கதை தெரியும் என்பதால் அவசரம் இருக்காது. அப்போதுதான் சிரிப்பு வரும். குடித்துக்கொண்டே தமிழ்ப் பெருமையை அடித்துத் துவைக்கும் விவாதங்களும், பழம்பாட்டின் அடிகளைத் திருகிப் போடும் பாண்டியனின் மனப்பேச்சும் முதல் வாசிப்பில் வேகத்தடை போலத்தான் இருந்திருக்கும். நாவலின் கொழுப்பே அவைதான்.

குறையும் உண்டு. பாண்டியன் தொட்டதெல்லாம் துலங்குகிறது. சில இடங்களில் சினிமாக் கதாநாயகன் மாதிரி. தவிர, இந்த மூன்று புத்தகத்திலும் கடலுக்கு இந்தப் பக்கம் சாவிக்கொத்தோடு வீட்டைக் கட்டி ஆண்ட ஆச்சிகளின் கதை இல்லை. அதைத் தேடி வாங்குகிறவர்கள் மூன்றையுமே தள்ளிவைத்துவிட்டு வேறு அலமாரி பார்ப்பது நல்லது.