எஸ்எஸ்டியை ரெக்கவரிக் கடையில் கொடுக்கும் முன்

போன மாதம் என் லேப்டாப்பின் எஸ்எஸ்டியில் (சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிரைவ்) இருந்த சில படங்கள் மட்டும் திறக்கவில்லை. கெர்னல் பதிவில் (சிஸ்டம் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் இடம்) 'சிசம் ஃபெயில்டு', அதாவது செக்சம் பொருந்தவில்லை என்று வரி வரியாக வந்தது. என்னுடையது லினக்ஸ்; டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைமை பிடிஆர்எஃப்எஸ். எழுதும்போதே செக்சம் (தரவு மாறிவிட்டதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்பு எண்) கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். படிக்கும்போது அது ஒத்துவராவிட்டால் கோப்பைத் தரவே தராது. மற்றதெல்லாம் நன்றாகத்தான் திறந்தது.

பதற்றத்தில் டேட்டா ரெக்கவரி போர்டு வைத்த ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஐந்து நிமிடம் பார்த்தார். "சிப்பு போயிடுச்சு சார், ஆறாயிரம் ஆகும்." லினக்ஸ் டிரைவ் என்று இரண்டு தடவை சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதான் சார்."

மூன்று நாள் கழித்து, எதுவும் வரவில்லை என்றார்கள். செக்கிங் சார்ஜ் 1,500 ரூபாய். துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது: விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள் மாட்டியிருக்கிறார்கள், அது ஃபார்மட் செய்யவா என்று கேட்டிருக்கிறது, செய்துவிட்டார்கள். அப்புறம்தான் ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டியிருக்கிறார்கள். பழைய ஹார்ட் டிஸ்கில் குயிக் ஃபார்மட் செய்தாலும் உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். எஸ்எஸ்டியில் அப்படி இல்லை. ஃபார்மட் செய்யும்போதே 'இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்' என்று டிரிம் கட்டளை போய்விடும். பிறகு படித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்யம்தான் வரும். இதுகூடத் தெரியாதவர்கள் எப்படி இந்தத் தொழில் செய்கிறார்கள்?

இன்னும் வயிற்றெரிச்சல், சிப்பு போகவே இல்லை. புது எஸ்எஸ்டி போட்ட ஒரே வாரத்தில் அதே பிழை திரும்ப வந்தது. இரவு முழுக்க ரேமைச் (தற்காலிக நினைவகம்) சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டினேன். ஒரு ரேம் ஸ்டிக்தான் கெட்டிருந்தது; அதன் வழியாகப் போகும்போதே தரவு கெட்டிருக்கிறது. பழைய டிரைவின் ஸ்மார்ட் அறிக்கையில் (டிரைவ் தன் நிலைமையைப் பற்றித் தானே தரும் கணக்கு) மீடியா பிழை 0 என்றே இருந்தது. நான் அதைப் பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை.

உங்களுக்கு இப்படி வந்தால் டிரைவில் எதையும் எழுதாதீர்கள். 'பிடிஆர்எஃப்எஸ் செக்' கட்டளையை ரிப்பேர் விருப்பத்தோடு ஓட்ட வேண்டாம். விவரம் தெரிந்தவர் சொல்லாமல் ஓட்டாதே என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. டிரைவைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு முழு நகல் எடுங்கள். மூல டிரைவை எடுத்து வைத்துவிட்டு, அந்த நகலை ரீட்-ஒன்லியாக, 'ரெஸ்க்யூ=ஆல்' என்ற விருப்பம் போட்டு மவுண்ட் செய்யுங்கள், அதாவது சிஸ்டத்தோடு இணைத்துத் திறங்கள் (லினக்ஸ் கெர்னல் 5.11 முதல் உண்டு). செக்சம் பொருந்தாத கோப்புகளையும் அப்போது எடுக்கலாம்; ஒரு படத்தில் ஓரிடம் கெட்டிருக்கும், அவ்வளவுதான்.

கடைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால், முதலில் இமேஜ் (முழு நகல்) எடுப்போம், மூல டிரைவில் எழுதமாட்டோம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். தயங்கினால் டிரைவை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அக்கா மகளின் காதுகுத்துப் படங்களில், வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த 11 மட்டும் இப்போது என்னிடம் இருக்கின்றன.