நேர்மை ஆணையாளரிடம் ஆலோசனை கேட்ட அனுபவம்: நாலு நட்சத்திரம்

ஒன்ராறியோவில் ஒரு சிறிய நகரசபையில் உறுப்பினராக இருக்கிறேன். 2022 ஒக்ரோபர் தேர்தலில்தான் முதல் தடவை வந்தேன். இங்கே 2019 மார்ச் 1 முதல் எல்லா நகராட்சிகளிலும் நேர்மை ஆணையாளரின் சேவை இருக்கவேண்டும் என்பது சட்டம். எங்கள்மேல் முறைப்பாடு வந்தால் விசாரிப்பவரும் அவர்தான், நாங்கள் இரகசியமாக ஆலோசனை கேட்பதும் அவரிடம்தான். அதனாலேயே முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

விஷயம் இதுதான். தம்பி உணவகம் நடத்துகிறான். கோடைக்கு வெளியே மேசை போட அவன் கொடுத்த விண்ணப்பம் சபைக்கு வந்தது. நான் வாக்களிக்கலாமா? தொலைபேசியில் கேட்டேன். “எழுதி அனுப்புங்கள்” என்றார்கள். கேள்வியும் எழுத்தில், பதிலும் எழுத்தில், சட்டமே அப்படித்தான். அலுத்துக்கொண்டே இரவு பதினொரு மணிக்குக் குசினி மேசையில் இருந்து எழுதினேன்.

அடுத்த நாள் பதிலுக்குப் பதிலாக ஒரு கேள்வி வந்தது: கடை இருக்கும் கட்டடம் யாருடைய பெயரில்?

அம்மாவின் பெயரில்! அதை நான் எழுதவே இல்லை, மனதிலும் படவில்லை. இங்குள்ள சட்டத்தில் பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளை ஆகியோரின் பண நலன் உறுப்பினரின் நலனாகவே கொள்ளப்படும். சகோதரங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. நான் தம்பியை நினைத்துத் தலையை உடைத்துக்கொண்டிருக்க, சிக்கல் அம்மாவின் காணி உறுதியில் இருந்திருக்கிறது. அந்த ஒரு கேள்விக்கே மூன்று நட்சத்திரம் கொடுப்பேன்.

பிறகு வந்த கடிதம் தெளிவு. கூட்டத்தில் நலனை அறிவிக்கவேண்டும், எழுத்திலும் சபைச் செயலாளரிடம் கொடுக்கவேண்டும், விவாதத்திலும் வாக்கிலும் சேரக்கூடாது, அதிகாரிகளுக்குத் தனியாக ஒரு அழைப்புக்கூட எடுக்கக்கூடாது. அதோடு இன்னொன்றும் கேட்டிருந்தேன். பொங்கல் விழாவில் ஒரு நகைக்கடைக்காரர் சிவப்புப் பெட்டியில் ஒரு பவுண் காசு தந்திருந்தார். விழாவில் கிடைத்த பொன்னாடையும் குத்துவிளக்கும் சம்பிரதாயம், வைத்துக்கொள்ளலாம். காசைத் திருப்பிக் கொடுங்கள் என்று பதில். கொடுத்தேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

குறைகளும் உண்டு. முழுப் பதில் வர எட்டு நாள் எடுத்தது, கூட்டத்துக்கு முதல் நாள்தான் கையில் கிடைத்தது. வக்கீல் ஆங்கிலம் வேறு, மூன்று தடவை வாசித்தேன். எங்களுக்கு இலவசம்தான், ஆனால் எங்கள் ஆணையாளர் ஒப்பந்தத்தில் வேலைசெய்யும் வெளி வழக்கறிஞர், மணிக்கணக்கில் நகராட்சிக்கு பில் போகும். சபையில் ஒருவர் இதைச் சொல்லியே முணுமுணுப்பார். எனக்கு அந்தக் காசு கணக்கில்லை. சட்டத்தை மீறி விஷயம் நீதிமன்றம் வரை போனால் பதவி பறிபோகலாம், ஏழு வருடம் வரை போட்டியிடவும் முடியாது. உண்மை முழுவதையும் சொல்லி ஆலோசனை கேட்டு அதன்படி நடந்திருந்தால் நீதிபதி அதைக் கவனத்தில் எடுப்பார். முழுவதையும் என்பது முக்கியம். அம்மாவை மறைத்திருந்தால் அந்தக் கடிதத்தால் எனக்கு என்ன பிரயோசனம்?

இன்னொன்று. ஆலோசனையை ஆணையாளர் தானாக வெளியே விடமாட்டார். ஆனால் நாங்கள் எங்களுக்கு வசதியான பகுதியை மட்டும் வெளியில் சொன்னால், மிச்சத்தையும் அவர் எங்கள் சம்மதமில்லாமலே வெளியிடலாம். முழுக் கடிதமும் வந்தாலும் பரவாயில்லை என்று தீர்மானித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

கூட்டத்தன்று தம்பி பார்வையாளர் வரிசையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் வாக்களித்தார்கள், அனுமதி கிடைத்தது. அடுத்த கிழமை கொத்துரொட்டி எடுக்கப் போனேன். காசை வாங்கி எண்ணிக்கொண்டே சொன்னான்: “கழிவு இல்லை அக்கா. வேணுமெண்டால் எழுதிக் கேட்டுக்கொண்டு வாங்கோ.”