தமிழ் காந்த எழுத்துப் பெட்டி: ‘அம்மா’ எழுத இரண்டு ‘ம’ வேண்டும்

கடலூர் முதுநகரில் வீட்டிலேயே சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களுக்காக மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்டேஷனரி கடையில் இந்தப் பெட்டியை வாங்கினேன். விலை 380 ரூபாய். உயிர் 12, ஆய்தம், அகர வரிசை 18 இருக்கின்றன. கி, கீ, கு, கூ வரிசைகள் முழு எழுத்தாகவே வருகின்றன. கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனித் துண்டு. பழைய பீரோ கதவுதான் எங்களுக்குப் பலகை.

கொம்பும் காலும் தனியாக இருப்பதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. அட்டையில் அச்சடித்த ‘நெ’யைப் பிள்ளை ஒரு படமாக மனப்பாடம் செய்துவிடும். இங்கே அதுவே சேர்த்தாக வேண்டும். படகில் போகிறவரின் மகன் ஒருவன் ‘நெத்திலி’ எழுத உட்கார்ந்தான். முதலில் ‘ந’ வைத்து, கொம்பை அதற்குப் பின்னால் ஒட்டினான். காதில் அந்த வரிசையில்தானே விழுகிறது! அடுத்து ‘த’ வைத்ததும் கொம்பு அதோடு சேர்ந்துகொண்டு ‘நதெ’ என்று நின்றது. வாய்விட்டுப் படித்தான், முழித்தான், அவனாகவே கொம்பை எடுத்து ‘ந’வுக்கு முன்னால் வைத்தான். நான் வாயே திறக்கவில்லை.

இப்படிப் பிரித்துச் செய்ய முடிவதற்கு 1978 எழுத்துச் சீர்திருத்தமும் ஒரு காரணம். அதற்கு முன் ணா, றா, னாவுக்குத் தனி உருவம். ணை, லை, ளை, னைக்குத் தும்பிக்கை மாதிரி ஒரு கொம்பு. இப்போது ‘பாரை’க்கு வைத்த காலையே எடுத்து ‘சுறா’வுக்கும் வைக்கலாம்.

குறை பெரியது. அகர வரிசையில் ஒவ்வொரு எழுத்தும் ஒன்றே ஒன்றுதான். நெத்திலி, சுறா, வஞ்சிரம், நண்டு எல்லாம் எழுதலாம், ‘அம்மா’ எழுத முடியாது. அப்பா, அக்கா, பட்டம், எதுவும் வராது. ‘தாத்தா’வுக்கு மூன்று ‘த’ வேண்டும். பிள்ளைகள் முதலில் எழுத ஆசைப்படுவதே இந்தச் சொற்களைத்தான். ஒரு பாப்பா இன்னொரு ‘ம’வைத் தேடிப் பெட்டியைத் தரையில் கொட்டிக் கிளறியது. பார்க்கப் பொறுக்காமல் காலண்டர் அட்டையை வெட்டி எழுதிக் கொடுத்தேன்.

எழுத்துகளின் வடிவம் நன்றாக இருக்கிறது, ண-ன, ல-ள குழப்பமில்லை. எங்கள் உப்புக் காற்றுக்குச் சில காந்தங்கள் பசை விட்டு வருகின்றன. புள்ளித் துண்டுகள் பட்டாணி அளவுதான். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால் குடலை இடுக்கிப் பிடித்துவிடும், விளையாட்டில்லை.

வாங்குவதென்றால் இரண்டு பெட்டியாக வாங்குங்கள். செய்கிறவர்கள் க, ட, த, ப, ம ஐந்தை மட்டும் மும்மூன்றாகப் போட்டு ஐம்பது ரூபாய் ஏற்றி விற்றாலும் முதல் ஆளாக நான் வாங்குவேன்.