தலை எது, வால் எது? புழு ட்ராக்கரோடு மூன்று வருடம்

ஜோகன்னஸ்பர்க்கில் புதிதாக லேப் தொடங்கும் தோழி போன வாரம் கேட்டாள்: "டர்பன்ல நீங்க வச்சிருக்கற ட்ராக்கர் மாதிரியே நானும் போடட்டுமா?" ட்ராக்கர் என்றால், புழுக்களைப் படம் பிடித்து அவை எப்படி நகர்கின்றன என்று கணக்கிடும் கருவி. ஒரு வரியில் பதில் அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை.

கேமரா, சிவப்பு எல்இடி, இலவச மென்பொருள் எல்லாம் அவளுக்கே தெரியும். (நீல வெளிச்சம் பட்டால் புழு விலகி ஓடும், அதனால்தான் சிவப்பு.) என் வயிற்றெரிச்சல் வேறு. மூன்று வருடமாகியும் இதற்குத் தலையும் வாலும் பிரிக்கத் தெரியவில்லை.

நாங்கள் ஆராயும் சி. எலிகன்ஸ் என்ற உருண்டைப்புழு வளர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டர்தான். புழு வளரும் முழு பிளேட்டையும் (மூடி போட்ட வட்டத் தட்டு) படம் பிடித்தால் ஒரு புழுவுக்குக் கிடைப்பது சொற்ப பிக்சல். மென்பொருள் அதன் உருவத்தைப் பிரித்தெடுத்து நடுவே ஒரு கோடு இழுக்கும். கோட்டுக்கு இரண்டு முனை. எது அதிகம் ஆடுகிறதோ, எந்தப் பக்கம் புழு போகிறதோ, அதுதான் தலை என்று ஓர் ஊகம். துறுதுறுப்பான இளம் புழுவுக்கு அது சரியாகவே பலிக்கும். நாங்கள் பார்ப்பதோ முதுமையை. பன்னிரண்டு நாள் வயதான புழு தலையை அசைக்கவே யோசிக்கும். அது ஒருமுறை சுருண்டு அவிழ்ந்தால் போதும், தலை வாலாகிவிடும். அப்புறம் அது முன்னால் போனதெல்லாம் பின்வாங்கியதாகக் கணக்கு. எந்தப் புழுவுக்காக இதை வாங்கினோமோ, அந்தப் புழுவிடம்தான் இதற்குக் கண் தெரியாது!

'வயதானால் பின்வாங்குவது கூடுகிறது' என்று அழகாக வரைபடம் போட்டு லேப் கூட்டத்தில் காட்டினேன். பேராசிரியர் "வீடியோவைப் போடு" என்றார். போட்டேன். புழுக்கள் பாட்டுக்கு முன்னால்தான் போய்க்கொண்டிருந்தன.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு கிளிப்பாகக் கையால் திருத்துகிறேன். "இன்னிக்கும் புழுவுக்குத் தலை தேடப் போறியா?" என்பார் சாட்ஸ்வர்த் வீட்டுக்கார அம்மா.

இதே தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டனில் பிறந்த உயிரியலாளர் சிட்னி பிரென்னர், சி. எலிகன்ஸின் மரபியல் பற்றிய தன் 1974 கட்டுரைக்காகத் தாறுமாறாக நகரும் புழுக்களை மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்த்தே பொறுக்கினார். அவருக்கு 2002இல் நோபல் கிடைத்தது. எனக்குக் கழுத்துவலி.

டர்பனின் ஜனவரிக் கோடையில் பிளேட் மூடியில் வியர்க்கும் நீர்த்துளியையும் ட்ராக்கர் புழு என்று எண்ணும். அதை மன்னித்துவிட்டேன். லோட்ஷெடிங் என்ற மின்வெட்டுக்கு யுபிஎஸ் இருக்கிறது.

குறை மட்டும் சொன்னால் பாவம். முன்பு நீரில் புழு எத்தனை முறை நெளிகிறது என்று முப்பது வினாடி கிளிக்கரால் (அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகக் கூட்டும் கை எண்ணி) எண்ணுவோம், இருவர் கணக்கு ஒத்துப்போனதே இல்லை. இப்போது அந்தச் சண்டை இல்லை. தீனியிலிருந்து எடுத்து வெற்று பிளேட்டில் விட்ட இளம் புழுக்களை ஒருநாள் ஓடவிட்டேன். முதல் கால்மணி நேரம் அதே இடத்தில் திரும்பித் திரும்பி, கைதவறிய சாவியைத் தேடுவதுபோலத் தேடின. பிறகு நம்பிக்கை விட்டு நீளமாகக் கிளம்பின. படித்திருந்த விஷயம்தான். ஆனாலும் நாற்பது புழுவின் தடங்கள் ஒரே திரையில் அப்படி விரிந்ததைப் பார்த்து, தேநீர் ஆறும்வரை எழுந்திருக்கவில்லை.

தோழிக்கு அனுப்பிய பதில்: "போடாதே. நல்ல மைக்ராஸ்கோப்பும் ஒரு கிளிக்கரும் வாங்கு."

"அப்போ உங்களோடதை எனக்கு விக்கறியா?" என்று கேட்கிறாள். மாட்டேன். இன்று ராத்திரிக்கு அதில் பிளேட் வைத்தாயிற்று.